விலைக்கோ விலையின்றியோ

நான் அந்தக் கூட்டத்தில் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை அண்ணே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏன் தம்பி முகம் இப்படி இருக்கு என்று நீங்களாகக் கேட்காவிட்டால், இந்த பஸ் பூந்தமல்லி போய்ச் சேரும் வரைக்கும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் பேசிப் பழக்கமில்லை. என் வேலையும் அப்படிப்பட்டது. நான் வக்கீல். கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் இல்லை, கறுப்புக் கோட்டு பீரோவில்தான் தொங்குகிறது. சென்னையில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் இருக்கிறேன். கண்ணாடிக் கட்டடம், பல மாடி எங்களுடையது. பேர் சொல்ல மாட்டேன். சேர்ந்த அன்றைக்கே ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கம்பெனிக்காக வேலை பார்க்கிறோம் என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் கையில் இருக்கிற பாட்டில், நீல மூடி போட்டது, அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியுங்கள், குடியுங்கள். நல்ல தண்ணீர்தான்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தது நான்தான் முதல். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி, கட்டணச் சலுகையில் படித்தேன். அந்தச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் அம்மா நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். அதனால் வேலை விஷயத்தில் நான் கொஞ்சம் பயந்த சுபாவம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. நாளைக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை. நிரந்தரம் ஆனால் ஊரில் ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்ட வீடு ஆக்கலாம், அம்மா கீரைக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதை நிறுத்தலாம். ஆகாவிட்டால், நானும் அவளோடு கீரை கட்டலாம். கட்டலாம்தான், அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் கீரைக்குத் தண்ணீர் வேண்டுமே. அதுதான் விஷயமே.

இருங்கள், வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வலிக்கும்.

எங்கள் ஆபீஸ் எந்தக் கட்சிக்கும் பணம் கொடுப்பதில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கொடுப்பது அறக்கட்டளை. அறக்கட்டளைக்குத் தலைவர் எங்கள் சீனியரின் மனைவி. சீனியர் பெயர் வரதகுமார் சார். அறக்கட்டளை வேறு, ஆபீஸ் வேறு. வேறு வேறு மாடி. நானே லிஃப்டில் போய்ப் பார்த்திருக்கிறேன், இரண்டுக்கும் நடுவில் ஒரு மாடி இருக்கிறது.

அதிலும் ஒரு கட்சிக்கு மட்டும் கொடுப்பதில்லை. எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். ஆளுங்கட்சி மாநாடு நடத்தினால் அதற்கு. எதிர்க்கட்சி பயணம் போனால் அதற்கு. புதிதாக ஒருவர் கட்சி ஆரம்பிக்கப் போகிறார் என்று பேச்சு வந்தாலே அவருக்கும். நான் சேர்ந்த புதிதில் எனக்குப் புரியாமல் சாரிடம் கேட்டேன், எல்லாருக்கும் கொடுத்தால் நாம் யார் பக்கம் சார் என்று. அவர் சிரித்தார். "கோவர்தன், ஒருத்தனுக்குக் கொடுத்தா அது சார்பு. எல்லாருக்கும் கொடுத்தா அது சேவை" என்றார். சட்டக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்தும் நடுநிலைமைக்கு இவ்வளவு தெளிவான விளக்கத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எங்கள் ஆபீஸில் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி ஒருவர் இருக்கிறார். தனி அறை. காலையில் வந்து பேப்பர் படிப்பார், மத்தியானம் தயிர்சாதம் சாப்பிடுவார், போய்விடுவார். அவருக்கு என்ன வேலை என்று பக்கத்து சீட்டில் கேட்டேன். அவர் போன் பண்ணினால் கோட்டையில் எடுப்பார்கள் என்றார்கள். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றார்கள். பாவம், அவ்வளவு படித்த மனிதருக்கு அதற்கு மேல் வேலை கொடுக்காமல் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

போன வெயில் காலத்தில் என்னைத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். உங்களுக்குத் தெரியாததா. சித்திரை பிறந்தால் முக்குக்கு முக்கு கட்சிக்காரர்கள் கீற்று போட்டு, தலைவர் படம் மாட்டி, மோர் ஊற்றுவார்கள். தர்பூசணி வெட்டிக் கொடுப்பார்கள். திறப்பு விழா அன்றைக்கு அடிதடியாக இருக்கும். மறுநாள் போய்ப் பார்த்தால் காலிப் பானையும், தலைவர் சிரிப்பும்தான் இருக்கும். அந்தப் பந்தல்களுக்கெல்லாம் செலவு எங்கள் அறக்கட்டளை. பந்தலில் எங்கள் பெயர் எங்கும் வராது. சார் அதில் கண்டிப்பு. கொடுப்பது வெளியே தெரியக் கூடாது என்பார். அவ்வளவு தன்னடக்கம்.

என் வேலை, எல்லாப் பந்தலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஆளுங்கட்சிக்கு எவ்வளவு நீளக் கீற்றோ, எதிர்க்கட்சிக்கும் அவ்வளவு. நான் டேப் வைத்து அளந்தேன். ஒரே ரோட்டில் எதிரும் புதிருமாக இரண்டு பந்தல். ஒருநாள் எதிர்க்கட்சி வட்டச் செயலாளர், ஜெயசீலன் என்று பேர், என் சட்டையைப் பிடிக்காத குறையாக வந்தார்.

"ஏன் தம்பி, அந்தப் பக்கம் கிர்ணிப்பழம் போகுது. இந்தப் பக்கம் வெறும் வெள்ளரிக்காயா? எங்க ஆளுங்க என்ன மாடா?"

பழக்கடைக்காரர் செய்த குளறுபடி அது. நானே ஆட்டோ பிடித்துப் போய்க் கிர்ணி வாங்கி வந்தேன். வந்த பிறகு, அந்தப் பக்கம் வெள்ளரி இல்லையே என்று தோன்றியது. அதையும் வாங்கிக் கொண்டுபோய் ஆளுங்கட்சியிடம் கொடுத்தேன். ஜெயசீலன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அடுத்த தடவை நாங்க அந்தப் பக்கம் இருப்போம் தம்பி, உங்க சார்கிட்ட சொல்லு" என்றார். சொன்னேன். சாருக்குத் தெரிந்திருந்தது. "அதனாலதான் ரெண்டு பக்கமும் போடறோம்" என்றார்.

இப்போது அமைச்சர் வருகிறார். அமைச்சர் பேரும் வேண்டாம். தண்ணீர் விவகாரமெல்லாம் அவர் துறையில் வருகிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்தலைத் திறக்க வந்தார். மோருக்குத் தண்ணீர் டேங்கர் லாரியில் வர வேண்டும். லாரி வரவில்லை. வழியில் தாலுகா ஆபீஸ் ஆட்கள் பிடித்துவிட்டார்கள். எந்தப் போர்வெல்லில் எடுத்தாய், அனுமதி இருக்கிறதா என்று. அமைச்சர் பந்தலுக்குப் போகிற தண்ணீர் என்று டிரைவர் சொல்லியிருக்கிறார், அவர்கள் நம்பவில்லை. உண்மையில் லாரி அந்த வழியாக வரவே வேண்டாம். நேர் ரோடு இருக்கிறது. சார்தான் முந்தின நாள், "தாலுகா ஆபீஸ் வழியா வரச் சொல்லு" என்றார். அந்த ரோட்டில் நெரிசல் குறைவு என்பதால் இருக்கும். எங்களுடைய கெட்ட நேரம், அன்றைக்குப் பார்த்து அங்கே ஆள் நிறுத்தியிருந்தார்கள்.

அமைச்சர் வெயிலில் நிற்கிறார். பானை காலி. கூட்டம் பழத்தையெல்லாம் முடித்துவிட்டு மோர் எங்கே என்கிறது. சார் பக்கத்தில் போய் நின்றார். அவர் எப்போதும் பந்தலில் ஓரமாகத்தான் நிற்பார், அன்றைக்கு மட்டும் பக்கத்தில் போனார். விஷயத்தைச் சொன்னார்.

"மோர் ஊத்தறதுக்கும் பர்மிஷனா?" என்றார் அமைச்சர்.

"சட்டம் அப்படி இருக்குதுங்களே. ஜனங்களுக்குத் தண்ணி கொடுக்கறவங்களுக்கு ஒரு விலக்கு இருந்தா இந்தத் தொந்தரவு இல்லை."

"போட்டுட வேண்டியதுதானே."

"எழுதிக் கொடுக்கச் சொன்னா எழுதிக் கொடுக்கறோம். துறைக்கு எதுக்குச் சிரமம்."

அவ்வளவுதான் அண்ணே பேச்சு. நான் பக்கத்திலேயே நின்றேன், குடை பிடித்துக்கொண்டு. ஒரு சட்டம் எப்படிப் பிறக்கிறது என்று புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறான். நேரில் பார்த்தால் எவ்வளவு எளிமை.

அந்த விலக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவனுக்கு! நிலத்தடி நீர் விதிகளில் ஒரு உட்பிரிவு. பொதுமக்களுக்குக் குடிநீர் வழங்குவோர் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எடுக்க அனுமதி பெறத் தேவையில்லை என்று எழுதினேன். சார் படித்துப் பார்த்தார். "பந்தல்ல யாராவது டம்ளருக்கு ஒரு ரூபா உண்டியல் வச்சா என்ன பண்ணுவே?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த ஓட்டையை நான் யோசிக்கவே இல்லை. உடனே திருத்தினேன். 'விலைக்கோ விலையின்றியோ பொதுமக்களுக்குக் குடிநீர் வழங்குவோர்.' சார் பேனாவை மூடிவிட்டு என் தோளில் தட்டினார். அவர் யார் தோளிலும் தட்டுவதில்லை.

பிறகு, "டம்ளர்ல கொடுத்தாத்தான் குடிநீரா? பாத்திரம் எதுவா இருந்தா என்ன?" என்றார். அதுவும் நியாயம்தான். 'எவ்வகைக் கலனிலும்' என்று சேர்த்தேன்.

வரைவு விதிகள் வெளிவந்தபோது வாங்கிப் பார்த்தேன். என் வாக்கியம் ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. மேலே அரசு முத்திரை, கீழே என் வாக்கியம். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், நான் எழுதினது அரசாங்கத்தில் வந்திருக்கிறது என்று. அவள் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

சில மாதம் கழித்து எங்கள் ஊருக்குப் பக்கத்தில், ஏரிக்கரை ஓரமாக, ஒரு கம்பெனி நிலம் வாங்கியது. ஊர் பேர் ரகசியமில்லை, புளியேரி. அந்த ஏரி நிறைந்தால்தான் எங்கள் கிணறுகளில் தண்ணீர் நிற்கும். எங்களுக்கு இருப்பது கையகல நிலம், அதில்தான் அம்மா அரைக்கீரையும் சிறுகீரையும் போடுகிறாள். கம்பெனி பெரிய பெரிய போர் போடப் போகிறது, பாட்டிலில் அடைக்கப் போகிறது, அனுமதியே வாங்க வேண்டியதில்லையாம் என்று ஊரில் பேச்சு. அம்மா போனில் கேட்டாள். நான் சொன்னேன், அப்படியெல்லாம் இருக்காதம்மா, அந்த விலக்கு மோர்ப் பந்தலுக்குத்தான், எழுதினவனுக்குத் தெரியாதா என்று.

இல்லை, நான் முட்டாள் இல்லை அண்ணே. சிரிக்காதீர்கள். பிறகு நானே படித்துப் பார்த்தேன். கம்பெனிக்கும் பொருந்தத்தான் செய்கிறது. சாரிடம் போய்ச் சொன்னேன், சார் நம் விலக்கில் ஒரு பக்கவிளைவு இருக்கிறது என்று. அவர் அப்படியா என்று ஆச்சரியப்பட்டார். அந்தக் கம்பெனி எங்கள் ஆபீஸின் பழைய வாடிக்கையாளர் என்பதால் அவருக்கே சங்கடமாகப் போயிருக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் சொன்னார், மாவட்டந்தோறும் கருத்துக் கேட்புக் கூட்டம் வரப் போகிறது, அதில் எல்லாக் கருத்தும் சொல்லலாம், நீயே போய்ப் பேசு என்று.

"உங்க ஊர்தானே? அம்மா என்ன பண்றாங்க?"

"கீரை போடறாங்க சார்."

"விவசாயி மகன்! இதைவிட வேற யார் வேணும்? இந்த விதியால ஊருக்கு வேலை வாய்ப்பு வரும், நல்ல தண்ணி கிடைக்கும்னு மனசுல பட்டதைப் பேசு. ஆபீஸ்லேர்ந்து வந்தேன்னு பேச வேண்டாம். ஊர்க்காரனாப் பேசு. மனசுலேர்ந்து பேசு."

மனசிலிருந்து என்று அவர்தான் சொன்னார். அதை மறக்காதீர்கள்.

நான் ராத்திரி பகலாகத் தயாரித்தேன். தயாரிக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் ஆபீஸில் வருஷா வருஷம் நன்னெறிப் பயிற்சி என்று ஒன்று நடக்கும். சாரே வகுப்பெடுப்பார். ஒரு விஷயத்தில் நமக்குச் சொந்த நலன் இருந்தால், பேசுவதற்கு முன்னால் அதைச் சபையில் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் தப்பில்லை, மறைத்தால்தான் தப்பு. இது அந்தப் பயிற்சியின் முதல் பாடம். அந்தப் பரீட்சையில் ஆபீஸிலேயே நான்தான் முதல். சான்றிதழ் கொடுத்து போட்டோகூட எடுத்தார்கள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். மணமக்கள் உட்காரும் இடத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் உட்கார்ந்திருந்தார், ஒரு அம்மையார். ஃபேனுக்கு நேர் கீழே கம்பெனி ஆட்கள். மண்டபம் முழுக்க எங்கள் சனம். அம்மா பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசை. என்னை மேடையில் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளை இடித்துக் காட்டினாள்.

நான் மைக்கைப் பிடித்தேன். "நான் பேசுவதற்கு முன், இந்த விஷயத்தில் எனக்குள்ள நலன்களைச் சபைக்குத் தெரிவித்துவிடுகிறேன்" என்று ஆரம்பித்தேன்.

என் பெயர் கோவர்தனன், இந்த ஊர்க்காரன், தனபாக்கியம் மகன் என்றேன். கம்பெனிக்கு ஆலோசனை சொல்கிற சட்ட நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன் என்றேன். இந்த விதியின் விலக்குப் பிரிவை எழுதியது நான்தான் என்றேன். அமைச்சர் வெயிலில் நின்ற கதை, சார் பக்கத்தில் போய் நின்றது, போட்டுட வேண்டியதுதானே என்றது, துறைக்கு எதுக்குச் சிரமம் என்றது, எல்லாம் சொன்னேன். லாரியை எந்த ரோட்டில் வரச் சொன்னோம் என்பதைக்கூட. இரண்டு கட்சிக்கும் ஒரே அளவு கிர்ணி கொடுத்ததைக் குறிப்பிட்டு, இதில் எந்தப் பாரபட்சமும் இல்லை என்று உறுதியும் கூறினேன். ஊர்க்காரனாகப் பேசச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்பதையும் தெரிவித்தேன். முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதுதானே பாடம். நிறுவனத்தின் பேரையும் கம்பெனியின் பேரையும் மட்டும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேனே.

கைதட்டல் அண்ணே. அப்படி ஒரு கைதட்டல். கடைசி வரிசையில் விசில் அடித்தார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு, தயாரித்து வந்ததைத் தொடர்ந்தேன், வேலை வாய்ப்பு, நல்ல தண்ணீர் எல்லாம். அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அலுவலர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி ஆள் ஒருவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

அப்போது எங்கள் அம்மா எழுந்தாள். மைக்கெல்லாம் அவளுக்குத் தேவையில்லை. கீரை விற்ற குரல்.

"ஏம்மா, அதிகாரியம்மா. அதை எழுதினது என் புள்ளைன்னு அவனே சொல்றான். அப்ப அவனே அதை அடிச்சுடலாமில்லே?"

"இல்லம்மா, அவர் எழுதினது வெறும் வரைவு. முடிவு பண்றது அரசு."

"அரசுன்னா யாரும்மா?"

அலுவலர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மண்டபத்தில் இருந்த எல்லாத் தலையும் திரும்பி என்னைப் பார்த்தது. ஏன் என்னைப் பார்த்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் சும்மா குடை பிடித்தவன்.

அம்மா திட்டினாளா என்கிறீர்களா? திட்டவில்லை. அதனால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டாள். கூட்டத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நான் கை கழுவின பிறகுதான் கேட்டாள்.

"நீ எழுதினதை நீயே தப்புன்னு எழுதிக் கொடுத்தா உன் வேலை போயிடுமா?"

"போயிடும்மா."

"அப்ப நீ எழுதாதே. நான் சொல்றேன். என் பேர்ல எழுது. கையெழுத்து நான் போடறேன்."

எழுத்துப்பூர்வமாக ஆட்சேபணை கொடுக்க அவகாசம் இருந்தது. அவள் சொன்னாள், நான் எழுதினேன். அவள் சொன்னது கொஞ்சம்தான். எங்க கிணறு ஏரியை நம்பி இருக்குது. ஏரிக்குப் பக்கத்துல உறிஞ்சினா எங்களுக்கு ஊறாது. எங்க தண்ணியை எடுத்து எங்களுக்கே விக்கறவன் எப்படித் தர்மம் பண்றவன் ஆவான். இவ்வளவுதான். எனக்கு அதை அப்படியே விட மனம் வரவில்லை. அம்மா பேரில் போகிற காகிதம் ஆயிற்றே. தீர்ப்புகளைத் தேடி எடுத்து வைத்தேன். விலக்கின் நோக்கம் தானமாக வழங்குவதே, 'விலைக்கோ' என்ற சொல் அந்த நோக்கத்தையே அழிக்கிறது என்று பிரித்துப் பிரித்து வாதம் வைத்தேன். படித்துக் காட்டினேன். "இவ்வளவா நான் சொன்னேன்?" என்றாள். நீ சொன்னதுதாம்மா என்றேன். பட்டா பாஸ்புக்கில் போடுவது போல நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். நானே கொண்டுபோய்த் துறை அலுவலகத்தில் கொடுத்தேன்.

ஆபீஸிலிருந்து கூப்பிடும்வரை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டிலேயே இருந்தேன். இன்றைக்குக் காலையில் சாரே கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று எழுந்து நின்றுகொண்டு பேசினேன். அவர் சிரிக்கிறார்.

"நீ எல்லாத்தையும் சபையில சொல்லிட்டே கோவர்தன். குறிப்புல ஏறியாச்சு. நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா, மறைச்சாங்கன்னு சொல்ல முடியாது. எதையும் மறைக்கலை, அவங்களே வந்து சொன்னாங்கன்னு ஜட்ஜ் முன்னாடி வைப்பேன். காசு கொடுத்தாலும் இப்படி ஒரு வெளிப்படைத்தன்மை கிடைக்காது."

எனக்கு உயிர் வந்தது. நன்னெறிப் பயிற்சி வீண் போகவில்லை பார்த்தீர்களா.

பிறகுதான் சொன்னார், வந்த ஆட்சேபணைகளுக்கெல்லாம் துறை பதில் அனுப்ப வேண்டுமாம். துறையில் ஆள் பற்றாக்குறை. அதனால் பதில்களையும் நாமே எழுதிக் கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டாராம். சேவைதான். கட்டணம் கிடையாது.

"உங்க ஊர்லேர்ந்து ஒண்ணு வந்திருக்கு. பிரமாதமான டிராஃப்ட். யாரோ கைதேர்ந்தவன் எழுதியிருக்கான். கீழே தனபாக்கியம்னு கையெழுத்து. உனக்குத் தெரியுமா?"

"எங்கம்மா சார்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ரொம்ப நல்லது. நீயே பதில் எழுது. அதுல எங்க பிடிக்கணும்னு உனக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை கொண்டு வா, நிரந்தரம் ஆன ஆர்டரும் அப்பவே வாங்கிக்கோ" என்றார்.

அம்மாவிடம் என்ன சொன்னேன் என்கிறீர்களா? ஆபீஸில் கூப்பிட்டிருக்கிறார்கள், வேலை போகவில்லை என்று சொன்னேன். உண்மைதானே. அவள் சாமி படத்துக்கு விளக்கேற்றப் போய்விட்டாள். மற்றதைச் சொல்வதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

எங்கே பிடிப்பது என்று யோசிக்கக்கூட வேண்டாம் அண்ணே, பெரிய பதில் இல்லை. மற்றவர்களுக்கு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, எல்லாம் ஒரே வாசகம். 'தங்கள் ஆட்சேபணை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. அதை ஏற்பதற்கில்லை.' பேரை மட்டும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது வரியில் எனக்குச் சிக்கல் இல்லை. ஏற்பது ஏற்காதது அரசின் விருப்பம், அதை நான் எப்படிப் பொய் என்று சொல்ல முடியும்? முதல் வரிதான். கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது என்று எழுத வேண்டுமானால் யாராவது பரிசீலித்திருக்க வேண்டும். துறையில் உறையைப் பிரிக்காமல் எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். சார் நடையையும் கையெழுத்தையும் மட்டும் பார்த்திருக்கிறார். மிச்சம் நான். நான்தான் எழுதினவன். எழுதினவனே பரிசீலிப்பது முறையில்லை. இது மூன்றாம் பாடம், நன்னெறிப் பயிற்சியில்.

நீங்கள் வெளி ஆள். உங்களுக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஊர் எது என்றுகூட உங்களுக்குத் தெரியாது. இல்லை, சொல்லிவிட்டேன், பரவாயில்லை. இந்தாருங்கள், அம்மா கொடுத்த ஆட்சேபணையின் நகல்தான். ஸ்ரீபெரும்புதூர்கூட இன்னும் வரவில்லை. நிதானமாகப் படிக்கலாம். நீங்கள் ஒருவர் கவனமாகப் படித்துவிட்டால் போதும், அந்த வரி பொய்யாகாது. நாளைக்கு நான் தைரியமாக எழுதிக் கொடுப்பேன்.

கண்ணாடி வேண்டுமா? இருக்கிறதா? நல்லது.

என்ன அண்ணே, முதல் பக்கத்துக்கே தலையாட்டுகிறீர்கள்? முழுசாகப் படியுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படித்து முடித்துவிட்டு, அந்தம்மா சொல்றது சரிதானே தம்பி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னீர்களானால், அதையும் நான் பதிலில் எழுத வேண்டியிருக்கும்.